ஸ்டோன்ஹெஞ்ச் கல்லைத் தொடலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் மகள் வீட்டுக்குப் போகிறோம். பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சை ஒரே நாளில் பார்த்துவிடலாமா? கணவருக்கு முழங்கால் வலி.
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: தாராளமாக. சால்ஸ்பரி வரை ரயில், அங்கிருந்து சுற்றுலா பஸ். சீட்டில் நுழைவு நேரம் குறித்திருக்கும், முன்பதிவு செய்துவிடுங்கள். வரவேற்பு மையத்திலிருந்து கற்கள் சுமார் 2 கி.மீ. தள்ளி இருந்தாலும் ஷட்டில் பஸ் உண்டு, அவர் நடக்க வேண்டாம். சாதாரணச் சீட்டுக்குக் கயிற்றுக்கு வெளியேதான் இடம். காலை, அந்தி நேரத் தனிச்சீட்டில் வட்டத்துக்குள் விடுவார்கள். அப்போதும் தொடக் கூடாது.

தூண்கள்மேல் குறுக்கே வைத்திருந்த மேற்கல் விழுந்துபோன உயரமான தூணின் உச்சியைக் கவனியுங்கள்: சிறு குமிழ் துருத்தி நிற்கும். மேற்கல்லின் அடியில் வெட்டிய குழி இதில்தான் உட்காரும். கல் நழுவாததற்கு அதுவே காரணம். பலர் செல்ஃபி எடுத்துவிட்டு இதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள்.

இடம் வெட்டவெளி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பழகிய உங்களுக்கே குடை மடங்கும், மழைக்கோட்டு எடுங்கள். நேரமிருந்தால் சால்ஸ்பரி பேராலயத்தில் மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215-ஆம் ஆண்டுச் சாசனமான மாக்னா கார்ட்டாவின் மூலப்படியையும் பார்க்கலாம்.