யானை வெடியும் காலைப் பகிடியும்

கேள்வி: என் கணவர் முன்னாள் போராளி, புனர்வாழ்வு முடிந்து வந்தவர். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. இரவில் யாராவது வயலில் யானையை விரட்ட யானை வெடி போட்டால் கட்டிலிலிருந்து பாய்ந்து நிலத்தில் குப்புறப் படுத்துவிடுவார், பிறகு விடியும்வரை நித்திரை இல்லை. காலையில் தேத்தண்ணிக் கடையில் அதையே பகிடியாக்கி, “யானை அசையேல்லை, நான்தான் ஓடினனான்” என்று எல்லாரையும் சிரிக்க வைக்கிறார். மாமி வெட்கக்கேடு என்கிறா. எனக்கு அழுகைதான் வருகிறது. மறிக்கட்டுமா?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: மறிக்க வேண்டாம் தங்கச்சி. வெடி கேட்டதும் விழுந்து படுப்பது கோழைத்தனம் இல்லை, செல்லடிக்குள் அவரை உயிரோடு வைத்திருந்த பழக்கம் அது, சண்டை முடிந்தது உடம்புக்கு இன்னும் தெரியவில்லை. வியட்நாம் போருக்குப் போய்வந்த அமெரிக்கச் சிப்பாய்களிடமும் இதேதான் இருந்தது, அவர்கள் விடாமல் குரல் கொடுத்த பிறகுதான் 1980இல் அங்குள்ள மனநல மருத்துவர்கள் பி.ரி.எஸ்.டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனப் பாதிப்பு, என்று பெயர் வைத்து இதை நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். இரவில் அந்த வெடி அவரை ஆட்டிவைக்கிறது. காலையில் கதையை எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்திச் சிரிக்க வைப்பது என்று தீர்மானிப்பது அவர். அமெரிக்காவில் முன்னாள் படையினருக்கு மேடைப் பகிடி சொல்ல வகுப்பே வைத்துப் பழக்குகிறார்கள். இங்கே நம்மவர்களுக்குக் கிடைத்தது தேத்தண்ணிக் கடை வாங்குதான், சரி, அதாவது இருக்கிறதே.

ஆனால் எல்லாப் பகிடியும் ஒன்றல்ல. ரொட் மார்ட்டின் என்ற கனடிய உளவியலாளரும் கூட்டாளிகளும் 2003இல் நகைச்சுவையை நாலு வகையாகப் பிரித்தார்கள், அதில் ஒன்று தன்னைத் தானே மட்டம் தட்டிச் சிரிக்க வைப்பது. அதைத்தான் கவனிக்க வேண்டும். யானைக் கதையில் அவர் கெட்டிக்காரன். “இந்த நொண்டியை வைத்து என்ன செய்யப் போறியள்” என்பது வேறு, அதற்கு யாரும் சிரிக்கக் கூடாது. சிரித்து முடிந்ததும் ஆள் லேசாக வீட்டுக்கு வருகிறாரா, இல்லை வாய் மூடிப்போய் கசிப்பைத் தேடுகிறாரா என்று பாருங்கள். அவர் தன் காலைப் பற்றிப் பகிடி விடலாம், கடைக்காரர் “ஒற்றைக்கால்” என்று கூப்பிட முடியாது.

இன்னொன்று, நீங்களும் அதே சண்டைக்குள்ளால் வந்தவர்தானே? பங்கருக்குள் நீங்கள் யாரைப் பறிகொடுத்தீர்களோ எனக்குத் தெரியாது. அவருக்குச் சிரிப்பாக இருப்பது உங்களுக்குச் சாவீடாக இருக்கலாம். “இதை எனக்கு முன்னால் சொல்லாதேங்கோ” என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, அது அவரை மறிப்பது ஆகாது.

நித்திரையைப் பகிடி திருத்தாது. அதற்கு முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும். விசர் கிளினிக் என்று ஊர் சொல்லும் என்ற பயமும், பெயர் பதிந்தால் பிறகு விசாரணைக்கு வருவார்களோ என்ற பயமும் முன்னாள் போராளிகளுக்கு உண்டு, இரண்டுமே காரணமில்லாத பயம் என்று நான் சொல்லமாட்டேன். முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள், “நித்திரை வருகுதில்லை” என்று மட்டும் சொல்லித் தொடங்கினாலே போதும். பகிடி சாவைப் பற்றியே திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே கூட்டிப் போங்கள், அல்லது தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.

அப்புறம், பக்கத்து வயல்காரரிடம் வெடி போடுமுன் ஒரு மிஸ்ட் கோல் தரச் சொல்லுங்கள். எந்த மருந்தையும்விட இது சுகமாகக் கிடைக்கும்.