கோப்பை கிடைத்தும் மனசு ஆறவில்லை: டென்னிஸ் கேள்வி–பதில்

கேள்வி: எனக்குப் பிடித்த வீராங்கனை போன வாரம் பட்டம் வென்றார். ஆனால் ஐந்து ஆட்டங்களில் மூன்று, மூன்றாவது செட் வரை இழுத்தது. இறுதி ஆட்டத்தில் மட்டும் பத்து டபுள் ஃபால்ட் (தொடக்க அடியான சர்வ் இரண்டு முறையும் தவறி, புள்ளி எதிராளிக்குப் போவது). 17 பிரேக் பாயின்ட் (எதிராளி சர்வ் செய்யும் கேமைப் பறிக்கும் வாய்ப்பு) கிடைத்து, நான்கைத்தான் எடுத்தார். கோப்பையைத் தூக்கியபோதுகூட எனக்கு நிம்மதி இல்லை. இது அதிர்ஷ்டத்தில் வந்த வெற்றியா?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: நீங்கள் சொன்ன இரண்டு குறைகளில் ஒன்றுக்குத்தான் கவலைப்பட வேண்டும். அது டபுள் ஃபால்ட்.

17-இல் 4 என்பது ரசிகர்களைக் கொதிக்க வைக்கும் கணக்கு. ஆனால் 17 முறை எதிராளியின் சர்வை விளிம்புக்குக் கொண்டுபோனவரின் ரிட்டர்ன், அதாவது சர்வைத் திருப்பி அடிப்பது, நன்றாகத்தான் இருந்திருக்கும். அடுத்த வாரம் அதே ரிட்டர்னுக்கு 10-இல் 5 கிடைக்கலாம். மாறாக, கிடைத்த மூன்று வாய்ப்பில் மூன்றையும் எடுத்து ஒருவர் ஜெயித்திருந்தால், அதை நம்பி அடுத்த போட்டியைக் கணிக்காதீர்கள். அந்த விகிதம் நிலைக்காது.

டபுள் ஃபால்ட் வேறு கதை. பதற்றத்தில் கை தயங்கும். ராக்கெட்டின் வேகம் குறைந்தால் பந்தில் சுழற்சி குறையும். சுழற்சி இல்லாத பந்து கட்டத்துக்குள் இறங்காமல் நீளமாகப் போகும், அல்லது பயந்து தள்ளியதில் வலையில் விழும். இரண்டாவது சர்வில் நம்பிக்கை போனால் முதல் சர்வையும் அடக்கி அடிக்கத் தொடங்குவார்கள். எதிராளி ஓரடி முன்னால் வந்து நின்றுவிடுவார். ஆட்டம் முடிந்ததும் வரும் புள்ளிவிவரத்தில் 'இரண்டாவது சர்வில் வென்ற புள்ளிகள்' என்ற வரியை முதலில் பாருங்கள். 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் பிரச்சினை இல்லை. தொடர்ந்து இரண்டு மூன்று ஆட்டங்களில் 40-க்குக் கீழே இருந்தால் சர்வில் கோளாறு இருக்கிறது. பந்தை மேலே எறியும் இடமும் ஒரு துப்பு: தலைக்குப் பின்னால் போனால் அடி நீளமாகும், மிகவும் முன்னால் விழுந்தால் வலைதான்.

முழு ஆட்டத்தையும் எடைபோட எளிய கணக்கு ஒன்று உண்டு. ரிட்டர்னில் அவர் வென்ற புள்ளிகளின் சதவீதத்தை, சொந்த சர்வில் இழந்த சதவீதத்தால் வகுங்கள். ரிட்டர்னில் 44, சர்வில் இழந்தது 40 என்றால் விடை 1.1. ஒன்றுக்கு மேல் வந்தால், பார்க்க எவ்வளவு தடுமாற்றமாக இருந்தாலும் அன்றைக்கு அவர்தான் மேலாக ஆடியிருக்கிறார்.

ஒன்றுக்குக் கீழே வந்தும், எதிராளியைவிடக் குறைவான புள்ளிகள் எடுத்தும் ஜெயிக்கலாம், அதுதான் டென்னிஸ். 2019 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் ஃபெடரர் எடுத்தது 218 புள்ளிகள், ஜோகோவிச் 204. ஆனால் மூன்று டை-பிரேக்கையும் (செட் சமமாக நின்றால் அதை முடிவு செய்யும் கேம்) ஜோகோவிச் எடுத்தார், கோப்பையும் அவருக்கே. 2025 பிரெஞ்சு ஓபன் இறுதியில் சின்னர் 193, அல்கராஸ் 192. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் சின்னருக்குக் கோப்பை என்ற நிலையில், மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட்டைக் காப்பாற்றி அல்கராஸ் வென்றார். தன் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தை ஜெயித்த ஃபெடரரே, மொத்தப் புள்ளிகளில் தனக்குக் கிடைத்தது 54 சதவீதம்தான் என்று 2024-இல் ஒரு பட்டமளிப்பு விழாவில் சொன்னார். நெருக்கடியில் ஒரு புள்ளியைப் பிடுங்குவது தனித்திறமை. அதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடாதீர்கள்.

கேள்வி: முதல் சுற்றுகளிலேயே திணறுபவர் கடைசி வரை தாங்குவாரா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: தாங்கியவர்கள் நிறைய. 2014 ஆஸ்திரேலிய ஓபனில் லி நா மூன்றாவது சுற்றிலும், 2016-இல் அதே போட்டியில் கெர்பர் முதல் சுற்றிலும் மேட்ச் பாயின்ட்டை (ஒரு புள்ளி போனால் ஆட்டமே போய்விடும் நிலை) காப்பாற்றித்தான் பட்டம் வென்றார்கள். 2024 பிரெஞ்சு ஓபனில் ஸ்வியாடெக், இரண்டாவது சுற்றில் ஒசாகாவிடம் தோல்வியின் விளிம்பில் நின்றார். நான்காவது சுற்றை 6-0, 6-0 என்று முடித்தார். சுற்றுக்குச் சுற்று இரண்டாவது சர்வின் சதவீதம் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: இப்படி இழுத்து இழுத்து ஜெயித்தால் அடுத்த ஆட்டத்தில் உடம்பு ஒத்துழைக்குமா?
– வாசகர், நுங்கம்பாக்கம்

பதில்: உங்கள் பேட்டையிலேயே பதில் இருக்கிறது. நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் நடந்த 2008 சென்னை ஓபன் அரையிறுதியில் நடால், மோயாவை வெல்ல 3 மணி 54 நிமிடம் ஆனது. மூன்று செட்டுமே டை-பிரேக். மறுநாள் இறுதியில் யூஸ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார். தரவரிசைக்கு வெற்றியின் அழகு தேவையில்லை; தள்ளாடி வென்றாலும் அதே புள்ளிகள்தான். கால்களுக்கு அப்படி இல்லை. சர்வின் விசை காலிலிருந்துதான் கிளம்புகிறது. எனவே முதல் செட்டின் சராசரி சர்வ் வேகத்தையும் கடைசி செட்டின் வேகத்தையும் ஒப்பிடுங்கள். நன்றாகக் குறைந்திருந்தால் மறுநாள் ஆட்டத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

சென்னையில் இரவு ஆட்டம் என்றால் இன்னொன்றும் சேரும். பந்தின் மேலுள்ள ரோமம் ஈரத்தை உறிஞ்சி கனமாகிவிடும். வேகமாக அடிப்பவர்களுக்குப் புள்ளி எடுக்கவே கூடுதல் அடிகள் தேவைப்படும். முதல் ஏழு கேம் முடிந்ததும், பிறகு ஒவ்வொரு ஒன்பது கேமுக்கும் புதுப் பந்து வரும். களைத்த வீரர் அந்தப் புதுப் பந்தில் சர்வ் செய்யும் கேமையும் இழந்தால், அன்றைக்கு மீள்வது கடினம். ஸ்டேடியத்தில் இதையெல்லாம் கவனிக்க, பக்கவாட்டு இருக்கையைவிட கோட்டின் பின்பக்கம் சற்று உயரமான வரிசை நல்லது. அடியின் கோணமும் வீரர் நிற்கும் இடமும் அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

கேள்வி: யு.எஸ். ஓபனில் திங்கள் இரவு ஆட்டம் என்று போட்டிருந்தார்கள். விழித்திருந்து ஏமாந்தேன்.
– வாசகி, கொரட்டூர்

பதில்: நியூயார்க்கில் திங்கள் இரவு 7 மணி என்றால் நமக்குச் செவ்வாய் அதிகாலை 4.30. அங்கே பகல் ஆட்டங்கள் நம் இரவு 8.30-க்குத் தொடங்கும். பாரிஸில் இரவு 8.15 ஆட்டம் இங்கே 11.45. மெல்போர்னின் இரவு 7 மணி இங்கே மதியம் 1.30. 'மூன்றாவது ஆட்டம்' என்று மட்டும் போட்டிருந்தால், முன்னால் இருக்கும் ஒவ்வொரு பெண்கள் ஆட்டத்துக்கும் ஒன்றரை முதல் இரண்டு மணி, ஐந்து செட் வரை போகக்கூடிய ஆண்கள் ஆட்டத்துக்கு மூன்று மணி என்று கூட்டி, அதற்கு அரை மணி முன்பாக அலாரம் வையுங்கள்.