"படிச்சு என்னத்துக்கு?" என்று கேட்கும் முகாம் பிள்ளைக்கு என்ன பதில்?

கேள்வி: இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் மாலை வகுப்பு நடத்துகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு மாதமாகப் பள்ளிக்குச் சரியாகப் போவதில்லை. பெயிண்ட் வேலைக்குப் போகிறான். கேட்டால் "படிச்சு என்னத்துக்கு?" என்கிறான். சின்ன விஷயத்துக்கும் கை நீட்டுகிறான். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அவன் கேட்பதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு அடிப்படை இருக்கிறது. 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடியுரிமை உள்ளவராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகிவிட்டது. தாய், தகப்பன் இருவருமே இந்தியக் குடியுரிமை இல்லாத முகாம்வாசிகள் என்றால் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளையும் அகதிதான். அரசு வேலைக்கான வழி அடைபட்டிருப்பது அவனுக்குத் தெரியும். "நல்லாப் படிச்சா கலெக்டர் ஆகலாம்" என்று நீங்கள் சொன்னால், அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டான்.

உண்மையைச் சொல்லுங்கள்: இது மூடியிருக்கிறது, இது திறந்திருக்கிறது என்று. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், கலை அறிவியல், பொறியியல் படித்துத் தனியார் வேலைக்குப் போக முடியும். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட முகாம் நலத்திட்டங்களில் கல்லூரிக் கட்டண உதவியும் இருந்தது. இந்த ஆண்டு எந்தப் படிப்புக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை முகாம் ஆர்.ஐ.யிடம் (வருவாய் ஆய்வாளர்) கேட்டு வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். அதே முகாமில் படித்து வேலைக்குப் போன அண்ணனோ அக்காவோ அரை மணி நேரம் வந்து பேசினால், நம் பத்து அறிவுரையைவிட அது ஏறும்.

அடுத்தது வாசிப்பு. பலர் இதைப் பார்ப்பதே இல்லை. இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்து ஒரு பத்தியைத் தனியாக, வேறு பிள்ளைகள் இல்லாத நேரத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் திணறுபவன் என்றால் விரல் வரியில் நின்றுவிடும். முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பான். "படிப்பு" என்பது "படம்" ஆகிவிடும். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்ன நாளில் பட்ட வெட்கம்தான் பல பையன்களைப் பெயிண்ட் வாளி பக்கம் தள்ளுகிறது. கைடைப் பார்த்து எழுத வைப்பது இதை மறைக்கும், தீர்க்காது. வகுப்பை வைத்துப் பிரிக்காமல், வாசிக்கும் நிலையை வைத்துக் குழு பிரியுங்கள். ஒரு குழுவுக்கு 12 பேருக்கு மேல் வேண்டாம். ஒன்றரை மணி நேர வகுப்பில் முதல் பத்து நிமிடம் விளையாட்டு, அரை மணி வாசிப்பு, மீதி நேரம் பள்ளிப் பாடம். ஆனால் பெரிய பையனைச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைக்காதீர்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைக் கொடுத்தால் அதே பாடத்தை அவனும் படித்துவிடுவான்.

வகுப்பு ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நடக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேரோடு வளரும் பிள்ளைக்கு, தினமும் ஆறு மணிக்குத் தவறாமல் திறக்கும் கதவே பெரிய ஆறுதல். மாதத்துக்கு ஒரு தன்னார்வலர் மாறினால் பிள்ளைகள் ஒட்டமாட்டார்கள்.

கை நீட்டினால் எல்லோர் முன்னும் கேட்காதீர்கள். வெளியே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். "வீட்டுல என்ன நடந்துச்சு?" என்று துருவாமல், "இப்ப என்ன வேணும்?" என்று கேட்டால் போதும். பெற்றோர் கண்ட போரைப் பற்றிப் பேச வைப்பது, வரையச் சொல்வது எல்லாம் பயிற்சி இல்லாதவர் செய்யக் கூடாதவை. காயத்தைக் கிளறிவிட்டு மூடத் தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும்.

தூக்கமின்மை, சாப்பிடாமை, யாரோடும் பேசாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, கையில் கீறல் தெரிந்தாலோ மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14416 இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். வீட்டில் அடி, துன்புறுத்தல் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. "செத்துரலாம் போல இருக்கா?" என்று நேராகக் கேட்கத் தயங்காதீர்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள்.

பள்ளியில் பெயர் நீக்கும் முன் தலைமை ஆசிரியரைப் பார்த்துவிடுங்கள். பிறகு மேஸ்திரியைப் பாருங்கள். அவர் பெரும்பாலும் முகாமிலேயே இருப்பவர், பையனுக்கு மாமா முறையாகக்கூட இருப்பார். பள்ளி நாளில் அவனைக் கூப்பிடாமல் இருக்கச் சொல்லி, அவன் அம்மாவையும் வைத்துக்கொண்டே பேசுங்கள். அந்தக் கூலி நின்றால் வீட்டில் எது நிற்கும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.