ஈமேக்ஸ் எடிட்டரில் கட்டளைக்கு எண் கொடுப்பது: கேள்வி பதில்

வேளச்சேரி: சார், கண்ட்ரோல்-யு அழுத்திவிட்டுக் கீழ் அம்பை அழுத்தினால் 4 வரி இறங்குகிறது. நான் எண்ணே கொடுக்கவில்லையே?

கொடுக்காவிட்டால் 4தான். இன்னொரு தரம் அழுத்தினால் 16, மூன்றாவது தரம் 64. 7 வேண்டுமென்றால் கண்ட்ரோல்-யு, 7, அப்புறம் கட்டளை. ஆனால் எல்லாக் கட்டளையும் எண்ணை 'இத்தனை தடவை' என்று எடுத்துக்கொள்ளாது. கண்ட்ரோல்-கே சும்மா கொடுத்தால் வரியின் மிச்சத்தை வெட்டும், 0 கொடுத்தால் கர்சருக்கு முன்னால் இருப்பதை வெட்டும். இந்தப் பழக்கத்தில் பாஷில், அதாவது டெர்மினலில் கட்டளை அடிக்கிற இடத்தில், போய்க் கண்ட்ரோல்-யு அழுத்திவிடாதீர்கள், கர்சருக்கு முன்னால் அடித்ததெல்லாம் போய்விடும்.

பெரம்பூர்: 20 பூஜ்ஜியம் போட வேண்டும். 20 கொடுத்து 0 அழுத்தினால் 200 என்று எடுத்துக்கொள்கிறது.

20க்கு அப்புறம் இன்னொரு கண்ட்ரோல்-யு அழுத்துங்கள், எண் அங்கே முடிந்துவிடும். பிறகு 0.

தரமணி: எண் 3 கொடுக்க ஆல்ட்-3 அழுத்தினால் டெர்மினலில் வேறு டேபுக்குப் போகிறது ப்ரோ.

டெர்மினல் அதைப் பிடுங்கிக்கொள்கிறது. எஸ்கேப்பை அழுத்தி விட்டுவிட்டு 3 அழுத்துங்கள்.

மயிலாப்பூர்: 'சென்னை' மூன்றெழுத்துதானே என்று 3 கொடுத்து பேக்ஸ்பேஸ் அழுத்தினேன். 'சென' மிச்சம் நிற்கிறது!

கேட்டீர்களே ஒரு கேள்வி! யூனிகோடில் அது ஆறு: ச, எகரக் குறி, ன, புள்ளி, ன, ஐகாரக் குறி. பேக்ஸ்பேஸ் இவற்றைத்தான் ஒவ்வொன்றாக எண்ணுகிறது, கடைசி மூன்றும் போனால் 'சென'தான் நிற்கும். தமிழுக்கு எழுத்துக் கணக்கை நம்பாமல் சொல் கணக்குக்குப் போங்கள்: 2 கொடுத்து ஆல்ட்-பேக்ஸ்பேஸ் அழுத்தினால் இரண்டு சொல் போகும்.

அம்பத்தூர்: ஆக, உங்கள் எடிட்டருக்குத் தமிழ் தெரியாது. விம் எடிட்டரில் 3டிடி, மூன்று வரி காலி, வேலை முடிந்தது.

வரியை எண்ண எந்த எடிட்டருக்குத் தமிழ் தெரிய வேண்டும்? 'னை' என்று அடித்ததை 'னா' ஆக்க ஒரு பேக்ஸ்பேஸ் போதும், குறி மட்டும் போகும், ன அப்படியே இருக்கும்.

மயிலாப்பூர்: அதற்காக என் மூன்றை ஆறாக்குவதா? இலக்கணத்தில் 'னை' ஓரெழுத்து சார்.

இலக்கணத்தில் சரி. தினமும் தமிழில் அடிக்கிற எனக்குப் பாதி எழுத்தைத் திருத்துகிற வசதிதான் பெரிது. முழு எழுத்தாகப் போக வேண்டுமென்றால் அதற்கு முன்னால் கர்சரை வைத்து டெலீட் விசையை அழுத்துங்கள்.

பல்லாவரம்: ஏன் 4?

முதல் பதில்.

போரூர்: அண்ணே, சர்வரில் நீளமாக ஒரு கட்டளை அடித்துவிட்டுக் கண்ட்ரோல்-யு அழுத்தினேன், காணோம்!

சொன்னேனா இல்லையா? கண்ட்ரோல்-ஒய் அழுத்துங்கள், திரும்பி வரும்.

அடையாறு: ஆங்கிலச் சொல்லை அடித்து முடித்த பிறகுதான் முதல் எழுத்தைப் பெரிதாக்க ஞாபகம் வருகிறது.

ஆல்ட்-கழித்தல், பிறகு ஆல்ட்-சி. கழித்தல் கொடுத்தால் கர்சருக்கு முன்னால் இருக்கிற சொல்லில் வேலை செய்யும், கர்சர் நகராது, நீங்கள் பாட்டுக்கு அடித்துக்கொண்டே போகலாம்.