தா ரீச் முன் கூப்பிய கை

அன்புள்ள ஐயா,

தாண்டிக்குடியிலிருந்து எட்டுப் பேராகக் கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலுக்குச் சென்று வந்தோம். மேற்கு வாயில் கோபுரத்தில் எட்டுக் கைகளோடு நிற்கும் விஷ்ணுவுக்கு மஞ்சள் துணி சாத்தி, ஊதுபத்தி ஏற்றி, ‘தா ரீச்’ என்று அவ்வூர் மக்கள் வணங்குகிறார்கள். நானும் கும்பிட்டேன். உடன் வந்த நண்பர், “பௌத்தர்கள் பிடுங்கிக்கொண்ட பெருமாள் கோயில், இங்கே என்ன கும்பிடு?” என்றார். அன்று முதல் மனம் உறுத்துகிறது. அவர் சொன்னது சரியா?

தாண்டிக்குடி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கும்பிட்டது சரி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காக எழுப்பிய கோயில் அது. பின்னர் அந்நாட்டின் கெமர் மக்கள் சிறிது சிறிதாகத் தேரவாத பௌத்தத்துக்கு வந்தார்கள். தெய்வத்தை வணங்கும் முறை மாறியதே தவிர, அங்கே வழிபாடு நின்றுபோகவில்லை. பக்கத்துக் கோயில்கள் பலவற்றைக் காடு மூடியபோதும் இது பேணப்பட்டதற்குத் துறவிகள் அங்கே தங்கியிருந்ததே முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன். நம் மலைகளில் இறந்தோருக்காக எழுப்பிய கல்திட்டைகளைப் பாண்டவர் வீடு என்று அழைத்து நாம் உறவு கொண்டாடவில்லையா?

மோதலே நடக்கவில்லை என்று சொல்லவும் என் மனம் ஒப்பவில்லை. மகாயான பௌத்தரான மன்னர் ஏழாம் ஜெயவர்மன் அங்கோரிலேயே கட்டிய பிரா கான் கோயிலில் புத்தர் உருவங்கள் உளியால் கொத்தி எடுக்கப்பட்டுள்ளன. சிலவற்றைத் தாடி வைத்த முனிவர்களாகத் திருத்திச் செதுக்கியிருக்கிறார்கள். பாயோன் கோயிலின் மூலவரான புத்தர், ஏறத்தாழ 3.6 மீட்டர் உயரச் சிலை, உடைக்கப்பட்டு நடுக் கோபுரத்தின் அடியிலுள்ள கிணற்றுக்குள் வீசப்பட்டு, 1933இல்தான் வெளியே எடுக்கப்பட்டது. இவை பின்னர் வந்த சைவ மன்னர் எட்டாம் ஜெயவர்மன் காலத்தில் நடந்தவை என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. பிடுங்கியவர்களைப் பற்றிப் பேசுவதென்றால், உங்கள் நண்பர் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இவற்றையெல்லாம்விட என்னை உலுக்கிய இடம் வேறொன்று. அங்கோர் வாட்டின் கிழக்குச் சுற்றில், ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சியைக் கண்டு எல்லோரும் நின்றுவிடுகிறோம். அதைத் தாண்டி வடகிழக்கு மூலைக்குப் போனால் செதுக்கலின் நயம் சட்டென்று குறைகிறது. முகங்கள் ஒரே அச்சில் வார்த்தவைபோல் தெரிகின்றன. கோட்டகிரியிலிருந்து போன எங்கள் குழுவினர், “இது சுமார்தான்” என்று வேகமாகக் கடந்துவிட்டார்கள். அந்தப் பகுதி 16ஆம் நூற்றாண்டில், நாடு முழுவதும் பௌத்தத்தில் ஊன்றிவிட்ட பிறகு, அங் சான் மன்னர் செதுக்குவித்தது. நானூறு ஆண்டுகளாக முடிக்கப்படாமல் கிடந்த சுவரில் அந்தப் பௌத்த அரசர் புத்தர் கதைகளைச் செதுக்கச் சொல்லியிருக்கலாம்; யாரும் தடுத்திருக்கப் போவதில்லை. அவர் அங்கே நிறைவு செய்தவை விஷ்ணுவின் கதைகள்.

மறுமுறை போகும்போது நண்பரையும் அழைத்துச் சென்று, வடக்குச் சுற்றின் கிழக்குப் பகுதியில் நிறுத்துங்கள். கருடன் நெருப்பை அணைக்க, கண்ணன் பாணாசுரனை வெல்கிறான். சுவரின் முடிவில் கயிலையில் அமர்ந்திருக்கும் சிவனின் முன் அதே கண்ணன் மண்டியிட்டிருக்க, பாணனுக்கு உயிர்ப்பிச்சை கிடைக்கிறது.