பைன் மரத்தடியில் கிடைத்த உருண்டை ட்ரஃபிளா?

கேள்வி: கொடைக்கானல் அருகே பைன் தோப்பில் சருகைக் கிளறியபோது, சின்ன உருளைக்கிழங்கு போல மஞ்சள் உருண்டைகள் பாதி மண்ணில் புதைந்து கிடந்தன. மண்ணுக்கடியில் விளையும் விலையுயர்ந்த காளானான ட்ரஃபிளாக இருக்குமா? சமைக்கலாமா, விற்கலாமா? கல்லூரி நுண்ணோக்கியைப் பயன்படுத்த முடியும்.

பதில்: தயவுசெய்து சமைக்காதீர்கள். ட்ரஃபிளாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பிரான்சின் பெரிகோர் கருப்பு ட்ரஃபிள் ஓக், ஹேசல் வேர்களை ஒட்டி, காரத்தன்மையுள்ள (பிஎச் 8-ஐ நெருங்கும்) சுண்ணாம்பு மண்ணில் விளைவது. பழனி மலை மண்ணோ அமிலத்தன்மை உள்ளது. அங்கே பைன் வேர்களோடு சேர்ந்து வாழும் உருண்டைக் காளான்களில் ரைசோபோகன், ஸ்கிளிரோடெர்மா இரண்டும் முக்கியமானவை. உங்களுடையது இவற்றில் ஒன்று என்பதே என் ஊகம். விலை போகிற சரக்கல்ல.

ஒன்றை மேலிருந்து கீழாக, சரிபாதியாக அறுத்துப் பாருங்கள். உள்ளே குடையும் காம்பும் கோட்டுருவமாகத் தெரிந்தால் அது முட்டைப் பருவத்தில் உள்ள அமானிட்டா என்ற குடைக்காளானாக இருக்கலாம்; அந்த இனத்தில் உயிரைப் பறிப்பவை உண்டு. தோலுக்கடியில் வழவழவென்று கூழ் இருந்தால் நாற்றக்காளானின் முட்டை.

ரைசோபோகன் என்றால் தோல் மெல்லியது; அதன்மேல் வேர்போன்ற இழைகள் ஒட்டிப் படர்ந்திருக்கும். உள்சதை முழுக்கக் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் நுண்ணறைகள். வெளிறிய நிறம் முற்ற முற்ற ஆலிவ் பழுப்பாகும். ஸ்கிளிரோடெர்மாவின் தோல் தடித்தது, செதிலோடியது. உள்ளே முதலில் வெள்ளை, பிறகு ஊதா கலந்த கருப்பு, கடைசியில் பொடி. கருத்த சதையில் வெள்ளை நரம்புகள் ஓடுவதைப் பார்த்து ட்ரஃபிள் என்று ஏமாறுபவர்கள் இருக்கிறார்கள். தின்றால் வாந்தியும் வயிற்றுவலியும் வரும்.

வாசனையையும் நிறத்தையும் நான் சாட்சியாக ஏற்பதில்லை, தீர்ப்பு வித்துகளிடம்தான் (காளான் பரவ உதவும் நுண்துகள்கள்). நன்கு முற்றிய உருண்டையின் சதையிலிருந்து கடுகளவு எடுத்து, ஒரு சொட்டு நீரில் வைத்து, கண்ணாடி வில்லையால் மூடி மெல்ல அழுத்தி, 400 மடங்கில் பாருங்கள். ட்ரஃபிளின் வித்துகள் நுண்ணிய பைக்குள் அடைபட்டிருக்கும். ஒரு பையில் பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வரை. அளவிலும் பெரியவை, 20 மைக்ரானைத் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டுபவை. மேலே முள்ளோ வலைப்பின்னலோ தெளிவாகத் தெரியும். ரைசோபோகனில் பையே கிடையாது. 10 மைக்ரானுக்கும் குறைவான, வழுவழுப்பான நீள்வட்ட வித்துகள் குவியலாகத் தெரியும். ஸ்கிளிரோடெர்மாவிலும் பை இல்லை. ஆனால் அதன் வித்து உருண்டையாக, பழுப்பாக, முள்ளோடு இருக்கும். சுமார் 10 மைக்ரான். முள்ளை மட்டும் பார்த்து ட்ரஃபிள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பையைத் தேடுங்கள், அளவை எடுங்கள்.

வித்தே தென்படாவிட்டால் உருண்டை முற்றவில்லை என்று பொருள். அப்போது வேறொன்றை எடுங்கள். மீதியைக் காகிதத்தில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் பையில் அழுகிவிடும். பாதியை மெல்லிய துண்டுகளாக்கி உலர்த்தி, எந்த மரத்தடி, எந்தத் தேதி என்று எழுதிவைத்தால், எந்தக் காளான் ஆய்வாளரிடமும் நம்பிக்கையோடு கொடுக்கலாம்.