செம்பனைக் குலையை நிலாவில் நிறுத்தால்?

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இம்முறை வந்த கேள்விகளில் பாதி பொருண்மையைப் பற்றித்தான், அதாவது ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் இருக்கிறது என்பதைப் பற்றி. படிவம் நான்கு பரீட்சை நெருங்குகிறது போலும்.

20 கிலோ செம்பனைக் குலை நிலாவில் எத்தனை கிலோ?

அதே 20 கிலோ. கிலோ என்பது பொருண்மையின் அலகு, இடத்துக்கு இடம் மாறாது. மாறுவது எடை, அதாவது குலையைக் கீழே இழுக்கும் விசை. இங்கே சுமார் 196 நியூட்டன், நிலாவில் 32. லாரியில் ஏற்றுவது அங்கே சுலபம்தான். ஆனால் அதே வேகத்தில் பக்கவாட்டில் வந்து மோதினால், இங்கே வலிக்கிற அளவு அங்கேயும் வலிக்கும்.

விண்வெளியில் தராசு வேலை செய்யாதே, ஆளை எப்படி நிறுப்பார்கள்?

நல்ல கேள்வி தம்பி. நம் மலேசிய விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் 2007-இல் போய் வந்த அனைத்துலக விண்வெளி நிலையத்தில் இதற்கென ஒரு கருவி உண்டு. ஆளைச் சுருள்வில்லோடு சேர்த்து ஆடவிட்டு, ஓர் அலைவுக்கு ஆகும் நேரத்தை அளக்கிறார்கள். பொருண்மை கூடக்கூட ஆட்டம் மெதுவாகும். ஈர்ப்புக்கு இதில் வேலையே இல்லை.

இப்படி அளப்பது நிலைமப் பொருண்மை, அதாவது அசைக்க முயன்றால் பொருள் எவ்வளவு எதிர்க்கிறது என்பது. தராசு அளப்பது ஈர்ப்புப் பொருண்மை, அதாவது ஈர்ப்பு அதை எவ்வளவு இழுக்கிறது என்பது. இரண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று நியூட்டனின் இயக்க விதிகள் எதுவும் சொல்லவில்லை. இருந்தும் சோதித்த இடமெல்லாம் ஒன்றாகவே வருகிறது. மைக்ரோஸ்கோப் என்ற செயற்கைக்கோளின் 2022 முடிவுகளில், பத்துக் கோடி கோடியில் சில பங்கு அளவுக்குத் துல்லியமாகப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை. இதைத் தற்செயல் என்று விட ஐன்ஸ்டைனுக்கு மனமில்லை; ஈர்ப்பை விளக்கும் அவருடைய பொதுச் சார்பியல் கோட்பாடு அங்கிருந்துதான் கிளம்பியது. பாடநூல்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவது எனக்கு வருத்தம்.

எல்லாப் பொருண்மையும் ஹிக்ஸிலிருந்து வருகிறதா?

இல்லை. 2012-இல் ஹிக்ஸ் துகள் கிடைத்தபோது செய்திகள் அப்படி எழுதிவிட்டன. எலக்ட்ரான், புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க் போன்ற நுண்துகள்களுக்குப் பொருண்மை தருவது எங்கும் பரவியிருக்கும் ஹிக்ஸ் புலம்; அது இருப்பதற்கு அடையாளம்தான் அந்தத் துகள். ஆனால் புரோட்டானின் பொருண்மையில் குவார்க்குகளின் சொந்தப் பங்கு சுமார் 1 விழுக்காடுதான். மிச்சமெல்லாம் உள்ளே அவை ஓடும் ஓட்டமும், அவற்றைக் கட்டி வைத்திருக்கும் குளுவான்களின் ஆற்றலும்.

லண்டனில் சரிபார்த்த சுருள்தராசு இங்கே குறைத்துக் காட்டுமா?

காட்டும். பூமி சுழல்வதாலும் நடுவில் சற்றுப் பருத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டருகே ஈர்ப்பு கொஞ்சம் குறைவு: லண்டனில் 9.81 மீ/வி², நம் மலேசியாவில் 9.78. 100 கிலோ மூட்டைக்கு 300 கிராம் குறையும். இரு தட்டுத் தராசில் இந்தத் தொல்லை இல்லை, படிக்கல்லுக்கும் அதே குறைவுதானே. அதற்கு மேல் குறைந்தால் தராசைப் பழுது பார்க்கக் கொடுங்கள்.